இன்ஜினுக்கும் ஜாதகம் உண்டு

பத்தியாளருக்கு இந்த வாரம் மூக்குக்கு மேல் கோபம். காரணம், ஓர் அமெரிக்க விற்பனை விளம்பரம். 1969 செவ்ரோலே கேமரோ இசட்28, எண்கள் அத்தனையும் பொருந்தும், முழுக்கப் புதுப்பிக்கப்பட்டது என்று மூன்று வரி. கூடவே பேனட்டைத் திறந்துவைத்து எடுத்த படங்கள். இன்ஜினில் எண்ணெய்க் கறை இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. கீறல் இல்லாததுதான் வயிற்றெரிச்சல்.

எண் பொருந்துவது என்றால், காரின் அடையாள எண்ணும் இன்ஜினில் அடித்த எண்ணும் ஒரே காரைச் சுட்டுவது. இப்போது வழக்கத்தில் இருக்கும் 17 எழுத்து எண் அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு கணக்கு. 1969 கேமரோவின் எண் 124379 என்று தொடங்கி அடுத்து ‘என்’ எழுத்து வந்தால், அது வி8 இன்ஜின் கொண்ட கூபே, ஓஹையோ மாநிலத்து நார்வுட் ஆலையில் கட்டியது. அவ்வளவுதான். அந்த ஆண்டு கேமரோவுக்கு 302, 307, 327, 350, 396 கன அங்குலம் என்று பல வி8 இன்ஜின்கள் இருந்தன. எது பொருத்தப்பட்டது என்று இந்த எண் வாய் திறக்காது. இசட்28 என்ற வேகமான ரகமா என்பதும் அதில் கிடையாது. 307 இன்ஜினோடு வந்த சாதுவான காருக்குப் பட்டை தீட்டி, பேட்ஜ் ஒட்டி இசட்28 ஆக்கிவிடலாம். ஆக்கியும் இருக்கிறார்கள்.

ஆகவே இன்ஜினைத்தான் கேட்க வேண்டும். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் மட்டமான சிறு இடம் ஒன்று உண்டு. ‘வி’, அடுத்து 0415, கடைசியில் ‘டி-இசட்’ என்று அங்கே இருந்தால், பிளின்ட் ஆலையில் ஏப்ரல் 15 அன்று பூட்டப்பட்ட இசட்28 இன்ஜின் அது. பிளாக்கிலேயே காரின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். பிளாக்கின் பின்புறம் வார்ப்புத் தேதி: மாதத்துக்கு ‘ஏ’ முதல் ‘எல்’ வரை ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். முதலில் வார்ப்பு, பிறகு இன்ஜின், அதன் பிறகே கார். ஏப்ரலில் கட்டிய காருக்குள் ஜூனில் வார்த்த பிளாக் உட்கார்ந்திருந்தால், ஜாதகத்தில் பிள்ளைக்குப் பிறகு தாய் பிறந்த கதைதான்.

திருடர்களுக்கும் இது தெரியும். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு வேண்டிய எண்ணை அடிப்பார்கள். ஆனால் ஆலையில் அந்தத் தளத்தைச் சீவிய பிரோச் கருவி மெல்லிய இணைகோடுகளை விட்டுப்போயிருக்கும். எண்ணைத் தேய்த்தால் கோடுகளும் போய்விடும். கைதேர்ந்தவர்கள் எண்ணைப் படிப்பதற்கு முன் கோடுகளைத்தான் தேடுவார்கள்.

பத்தியாளரின் பழைய புலம்பல் இங்கேதான் தொடங்குகிறது. வழக்கமான வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். கோயில் சுவரில் மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டைத் தேய்த்தவர்களை இந்தப் பத்தி எத்தனை வாரம் திட்டியிருக்கிறது! அதே மணல்வீச்சு, அதே பக்தி, இங்கே காருக்கு. திருடன் வேண்டுமென்று அழிப்பதைப் புதுப்பிப்பவர்கள் ஆசையாக அழிக்கிறார்கள். ஆலைப் பரிசோதகர் சாக்குக்கட்டியால் போட்ட குறி, பெயிண்ட் தொட்டு வைத்த பொட்டு எல்லாம் போகும். எந்த ஆப்ஷன் எல்லாம் பொருத்த வேண்டும் என்று ஆலையில் அச்சிட்ட தாள், சில கார்களில் சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்கின் மேலோ செருகிக் கிடக்கும். அதையும் குப்பை என்று வீசுவார்கள். அமெரிக்காவில் விற்ற கேமரோவுக்கு இன்ஜினையும் ஆப்ஷன்களையும் சொல்லும் கார்வாரியான பதிவேடு கம்பெனியிடம் கிடையாது. அந்தத் தாள் போனால் போனதுதான்.

ஃபோர்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1967 முதலான உற்பத்திப் பதிவுகள் பிழைத்துவிட்டன. அவற்றிலிருந்து மார்ட்டி ரிப்போர்ட் என்ற சான்றறிக்கை கிடைக்கிறது. ‘புல்லிட்’ படத்து மஸ்டாங் கதையில் அந்தப் பதிவுகளுக்கு நல்ல வேலை இருந்தது. கேமரோ இனி எக்கேடும் கெடட்டும்.

1968இல் வந்த அந்தப் படத்தில், சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டும் கரும்பச்சை மஸ்டாங் உண்மையில் இரண்டு கார்கள். அடுத்தடுத்த எண்கள்: ஒன்று 125558 என்று முடியும், மற்றது 125559. இரண்டுக்கும் முன்பகுதி ஒன்றே. 8 என்றால் 1968. ‘ஆர்’ என்றால் சான் ஹோசே ஆலை. 02 ஃபாஸ்ட்பேக் உடல். ‘எஸ்’ 390 கன அங்குல இன்ஜின்.

558 துரத்தல் காட்சியில் அடிபட்ட கார். 2017இல் மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியாவில் அகப்பட்டபோது ஒரிஜினல் இன்ஜின் எப்போதோ போயிருந்தது. வேறொரு படத்தில் வரும் ‘எலினார்’ மஸ்டாங்கின் நகலாக அதை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது! தகட்டில் இருந்த எண்ணைப் பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகுதான் அது யார் என்று தெரிந்தது. புதுப்பிப்பவர் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பத்தியாளருக்கு அடிவயிறு கலங்குகிறது.

559 வேறு ரகம். 1974இல் நியூஜெர்சிக் குடும்பம் ஒன்று அதை 6,000 டாலருக்கு வாங்கி வீட்டுக் காராக ஓட்டியது. இல்லத்தரசி அதில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனார். 1977இல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டார், புதுப்பிக்காமல் படத்தில் இருந்தபடியே வைத்துக்கொள்ள ஆசை என்று. குடும்பம் மசியவில்லை. பிறகு கிளட்ச் போய்விட, கார் பல்லாண்டு ஓரமாக நின்றது. 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சிக்கு மகன் அதைக் கொண்டுவந்தபோது துருவும் நசுங்கலும் அப்படியே இருந்தன. படக்குழு கேமரா மாட்ட அடியில் பற்றவைத்த இரும்பும் இருந்தது. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஆப்ஷன் அது. நல்லவேளை, யாரும் அதை அறுத்து எறிந்து பாலிஷ் போடவில்லை.

2020 ஜனவரியில் புளோரிடாவின் கிஸ்ஸிம்மி ஏலத்தில் அந்தத் துருவோடு 37.4 லட்சம் டாலருக்குப் போனது. வீட்டில் பழைய வண்டி நிற்கும் வாசகர்கள் பெயிண்ட் கடைக்கு அனுப்புமுன் இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். சீட்டைக் கழற்றினால், அடியில் கிடக்கும் காகிதத்தைக் கசக்கி எறியாதீர்கள்.