நீல டிக் யாருடைய கணக்கு?

அந்தமானில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து வரும் கேள்வி மாறிப்போச்சு, கவனிச்சீங்களா? முன்பெல்லாம் "மெசேஜ் கிடைச்சுதா?" என்பார்கள். இப்போது "பார்த்துட்டு ஏன் பதில் போடல?"

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் வேறு சில தீவுகளுக்கும் மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி கேபிள் திறக்கப்பட்டது. (2024-லிருந்து ஊர் பெயர் ஸ்ரீ விஜயபுரம். வாய்க்கு இன்னும் பழகலை :-)) அதுவரை செயற்கைக்கோள்தான். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும், ஊரில் தவிப்பார்கள். கேபிள் வந்ததும் அந்தத் தவிப்பு குறைந்தது, இந்தக் கோபம் வந்தது.

படித்தது எது, படிக்காதது எது என்ற கணக்கு வாட்ஸ்அப்புக்கு ரொம்ப முந்தையது. 1980-களின் யூஸ்நெட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதில் "1-4512, 4515" என்பது போல, படித்து முடித்த எண்கள் மட்டும் இருக்கும். மீதி எல்லாம் படிக்காதவை. அவ்வளவு எளிமை! பிறகு ஐமேப் மின்னஞ்சல் வந்தபோது அந்தக் குறிப்பு சர்வருக்குப் போனது. ஆபீஸில் திறந்த கடிதம் வீட்டுக் கணினியிலும் படித்ததாகவே காட்டும். ஆனால் இரண்டிலும் ஒரு ஒற்றுமை: கணக்கு படிப்பவருக்கு மட்டுமே. எங்கே விட்டோம் என்று அவர் தெரிந்துகொள்ளத்தான். எழுதியவருக்கு அது தெரியாது. மின்னஞ்சலில் ஒப்புகை கேட்கலாம்; கொடுப்பதும் மறுப்பதும் படிப்பவர் இஷ்டம்.

2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது. என் நோட்டுப்புத்தகத்தை எடுத்து, அனுப்பியவர் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. என் ஞாபகத்துக்காக இருந்த குறிப்பு, நான் பட்ட கடனாக மாறிவிட்டது.

என் கட்சி இதுதான்: வந்து சேர்ந்ததா என்று கேட்க அனுப்பியவருக்கு உரிமை உண்டு. படித்தாயா என்பது படிப்பவர் சமாச்சாரம். ரிஜிஸ்டர் தபாலோடு வந்த ஒப்புகை அட்டையை நினைத்துப் பாருங்கள். கையெழுத்து போட்டது கடிதத்தை வாங்கியதற்கு. படித்து முடித்ததற்கு இல்லை.

அதோடு, நீல டிக் சொல்வது திரையில் அந்த உரையாடல் திறந்தது என்பதை மட்டுமே. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகுக்கு நிற்கும்போது கை பட்டுத் திறந்தாலும் நீலம்தான். அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை நின்று நிதானமாகப் படித்தாலும் அதே நீலம்தான்.

"வயசானவங்களுக்கு அது ஒரு ஆறுதல் இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். பிள்ளை பார்த்துவிட்டான் என்றால் நிம்மதி. ஆனால் பார்த்தும் பதில் வராத அடுத்த ஒரு மணி நேரம், அந்த நிம்மதியே வேதனையாகிவிடுகிறது. பார்க்கவே இல்லை என்றால் "வேலையா இருப்பான்" என்று அம்மாவே சமாதானம் சொல்லிக்கொள்வார். அந்த இடத்தைத்தான் நீல டிக் பறித்துக்கொண்டது.

செய்யக்கூடியது என்ன? பிரைவசி அமைப்பில் நீல டிக்கை நிறுத்தலாம். நிறுத்தினால் மற்றவர்கள் படித்தார்களா என்று நமக்கும் தெரியாது, நியாயமான பேரம். குரூப்பில் இது செல்லாது. இரட்டைச் சாம்பல் டிக் அப்படியே இருக்கும். செய்தி வந்து சேர்ந்தது தெரியும். புயல் நேரத்தில் தீவுக்கு அதுதான் முக்கியம்.

இன்னொன்று: பதில் எழுத வேண்டியதை 'படிக்காதது' என்று மறுபடி குறித்து வையுங்கள். ஏற்கெனவே நீலமானது மாறாது. ஆனால் உங்கள் பட்டியலில் ஒரு புள்ளி நின்று ஞாபகப்படுத்தும். இந்தக் கணக்கு பிறந்ததே அதுக்குத்தான்.

நிறுத்துவதற்கு முன் ஊருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "எங்களை பிளாக் பண்ணிட்டியா?" என்று அடுத்த பஞ்சாயத்து ஆரம்பிக்கும் :-)

உங்க வீட்டில் எப்படி? நீலமா, சாம்பலா?