இணைப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும்

களனி ஆறு பெருகும்போதெல்லாம் கொழும்பு மக்கள் கேட்கும் முதற்கேள்வி, கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியில் நீர்மட்டம் எவ்வளவு என்பதுதான். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் அந்த ஓர் எண்ணைப் பார்த்துத்தான் ஆற்றோரக் குடும்பங்கள் சாமான்களைக் கட்டுவதா, இன்னும் பொறுப்பதா என்று முடிவெடுக்கின்றன. வெள்ளம் வந்தபிறகு எழும் கேள்விகளுக்கு ஓர் எண் போதாது. எந்தப் பாடசாலையில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், பால்மா எங்கே முடிந்துபோயிற்று, காணாமற்போனவர் வேறொரு முகாமில் பதிவாகியிருக்கிறாரா? இவற்றுக்கு விடைசொல்லும் மென்பொருளை உலகுக்கு எழுதிக்கொடுத்த நாடு இலங்கை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அடித்த கையோடு இங்குள்ள கணினித் தொண்டர்கள் தொடங்கிய 'சஹனா', லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷனின் அரவணைப்பில் திறந்தமூல மென்பொருளாக வளர்ந்து, 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் கைகொடுத்தது. நிரல் எழுதுவோர் மட்டுமே தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு சிக்கல் அந்த வரலாற்றுக்குள் இருக்கிறது. அரச பணத்தையும் அது தொடுவதால் நாம் எல்லோரும் பேசவேண்டியதாகிறது.

பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளுக்கு ஒரு பிரதான பிரதி இருக்கும். புதிய வசதி ஒன்றைச் சேர்க்க விரும்பும் குழு அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். 'பிராஞ்ச்' போடுவது என்பார்கள். வேலை முடிந்ததும் அதைத் திரும்பச் சேர்ப்பது 'மேர்ஜ்'. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய 'கிட்' என்ற கருவி வந்தபின் கிளை பிரிப்பது ஒரு நொடி வேலை. பிரிப்பது அவ்வளவு இலகு என்றால் சேர்ப்பதும் இலகுவாகத்தான் இருக்கும் என்று திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், சேர்க்கும் செலவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளை பிரிந்திருந்த காலம். அந்தக் காலத்தைக் குறுக்குவதற்கும், திரும்பச் சேர்க்கும் உழைப்புக்கும் முதல்நாளிலேயே பணம் ஒதுக்காத எந்தத் திட்டமும் பாதித் திட்டம் என்பதே என் கருத்து.

இதற்கு ஒரு கற்பனை உதாரணம் போதும். நமது தேசிய அடையாள அட்டை இலக்கம் முன்பு ஒன்பது எண்களும் ஓர் எழுத்துமாக இருந்தது. 2016 தொடக்கம் பன்னிரண்டு எண்கள் ஆயிற்று. 2015இல் ஒரு குழு நிவாரண மென்பொருளிலிருந்து கிளை பிரித்து, உலர் உணவுப் பொதி வழங்கும் பகுதியை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக் குறிகள் இல்லாத இலக்கத்தை ஏற்காதே என்று அதில் ஒரு சோதனையும் வைக்கிறது. அடுத்த ஆண்டு பிரதான பிரதியைப் பராமரிப்போர் முகாம் பதிவில் பன்னிரண்டு எண்களுக்கு இடம்விடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு கோப்புகள். 2017இல் சேர்க்கும்போது கருவி ஒரு மோதலையும் காட்டாது. எல்லாம் சரியாகச் சேர்ந்துவிட்டது என்று பொறியியலாளர் வீட்டுக்குப் போவார். முகாமிலே புதிய அட்டையோடு நிற்கும் இளம்தாய்க்குப் பொதி மறுக்கப்படும். ஒரே வரியை இருவர் மாற்றினால் கருவி கண்டுபிடித்துச் சொல்லிவிடும். பொருளில் மோதுவதை அது அறியாது. இரு பக்கமும் பத்துப் பத்து மாற்றங்கள் என்றால் சந்தேகிக்கவேண்டிய சோடிகள் 100. நூறு நூறு என்றால் 10,000. மாதங்கள் ஓட ஓட, எழுதியவர்களும் நிற்பதில்லை. 2022 நெருக்கடிக்குப் பின் எத்தனை பொறியியலாளர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற விளக்கமும் அவர்களோடு விமானம் ஏறிவிடுகிறது.

சஹனாவுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய பிரிவு. முதலில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட அதை, சில ஆண்டுகளில் ஒரு பகுதியினர் பைத்தன் மொழியில் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். அதுவே 'ஈடன்' ஆகி, 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது பயன்பட்டது. பழைய வரிசை 'அகஸ்தி' என்ற பெயரில் நியூயோர்க் நகரின் அனர்த்தத் திட்டமிடலுக்குப் போயிற்று. மொழியே வேறான பிறகு வரிக்கு வரி சேர்ப்பதற்கு வழி கிடையாது. ஒன்றில் திருத்திய பிழையை மற்றொன்றில் மறுபடி எழுதித்தான் திருத்தவேண்டும். ஈடனைத் தொடங்கியவர்களை நான் குறைசொல்லவில்லை. ஹெய்ட்டியில் அவர்களது உழைப்புக்குப் பலன் கிடைத்தது. ஆனால் அனர்த்த மென்பொருளுக்கு நேரம் கொடுக்கக்கூடிய தொண்டர்கள் உலகெங்கும் ஒரு கைப்பிடி அளவுதான். அந்தக் கைப்பிடியும் இரண்டாகப் பிரிந்தது.

பிரிந்திருந்தும் திரும்பிவந்த கிளைக்கு லினக்ஸ் இயங்குதளம் சாட்சி. குறித்த நேரத்துக்குள் தவறாமல் பதிலளிக்கும் ஆற்றலை லினக்ஸுக்குக் கொடுக்க இங்கோ மோல்னார், தோமஸ் கிளெய்க்ஸ்னர் முதலியோர் 2004 அளவில் தொடங்கிய வேலை, 2024 செப்டம்பரில்தான் பிரதான பிரதியில் முழுமையாகச் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் மக்களிடம் வந்தது. இருபது ஆண்டு! இது என் வாதத்துக்கு எதிரானது போலத் தோன்றும். ஆனால் அவர்கள் இருபது ஆண்டும் ஒதுங்கியிருந்துவிட்டு ஒரே நாளில் வந்து கதவைத் தட்டவில்லை. ஒவ்வொரு புதிய லினக்ஸ் பதிப்பின்மீதும் தமது மாற்றங்களைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தார்கள். நுண்ணிய நேரங்காட்டிகள் 2006இலும், குறுக்கீடுகளைத் தனி இழைகளாக நடத்தும் முறை 2009இலும் என, தனியே பயன்தரக்கூடிய துண்டுகளை முன்கூட்டியே கொடுத்துவந்தார்கள். கடைசியில் சேரவேண்டியிருந்தது சொற்பம். பணமில்லாமல் அந்த வேலை தள்ளாடியபோது, 2015இல் லினக்ஸ் பவுண்டேஷன் அதற்கென்றே தனித்திட்டம் அமைத்தது. மறுபக்கம் பிஎச்பி மொழியைப் பாருங்கள். தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் அடியிலிருந்தே யுனிகோட்டாகக் கையாளவென்று திட்டமிட்ட அதன் ஆறாம் பதிப்பு, பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2010இல் கைவிடப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே தாவலில் மாற்ற முயன்றதால் வேகம் குறைந்தது, பங்களிப்போர் சோர்ந்தார்கள். ஆறு என்ற இலக்கத்தையே தாண்டி, 2015இல் ஏழாம் பதிப்பு வந்தது.

அரைகுறை வேலையைப் பிரதான பிரதியில் சேர்த்தால் மக்கள் பாவிக்கும் சேவை பழுதாகாதா என்று கேட்பார்கள். நியாயமான பயம். இதற்கு நிரலாளர்கள் கண்ட வழி, புதிய பகுதியை ஓர் ஆளிக்குப் பின்னால் வைத்து, ஆளியை அணைத்தபடியே சேர்ப்பது. ஆளிகளும் ஆபத்தற்றவை அல்ல. 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி நைட் கெப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம், பழைய ஆளி ஒன்றைப் புதிய வேலைக்குப் பாவித்து, ஒரு சேவையகத்தில் மட்டும் பழைய நிரலை விட்டுவைத்ததால், முக்கால் மணித்தியாலத்தில் 44 கோடி டொலருக்கு மேல் இழந்தது. ஆகவே வேலை முடிந்ததும் ஆளியைக் கழற்றும் பொறுப்பும் ஒருவருடைய பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதுவும் உழைப்பு, அதற்கும் பணம்.

அனர்த்த நேரத்தில் இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்பது இன்னும் வலுவான மறுப்பு. 2020 ஜனவரியில் நம் நாட்டிலேயே அதற்குப் பதில் கிடைத்தது. நாட்டில் முதல் கொரோனா நோயாளி அடையாளம் காணப்பட்ட அதே மாதத்தில், வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை இலங்கைக் குழு ஒன்று ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்தமூலச் சுகாதாரத் தகவல் மென்பொருளில் அமைத்தது. மையத்தைப் பிளக்காமல், அதன் அமைப்புகளை வைத்தே பெரும்பகுதியைச் செய்தார்கள். செய்ததை உடனே ஒஸ்லோவுக்குக் கொடுத்தார்கள். அங்கிருந்து அது பொதுத் தொகுப்பாகிப் பல நாடுகளுக்குப் போயிற்று. அதன்பின் வேறு நாடுகள் செய்த திருத்தங்களும் நமக்குச் செலவில்லாமல் கிடைக்கும் வழி திறந்தது. அவசரத்தில் செய்த வேலைதான், ஆனாலும் பிரிந்து நின்றுவிடவில்லை.

அரச நிறுவனங்கள் திறந்தமூல மென்பொருளை எடுத்து உள்ளூர்த் தேவைக்கு மாற்றும்போது, கேள்விப்பத்திரத்தில் இரண்டு விடயங்களை எழுதிவிட வேண்டும். உள்ளூர் மாற்றங்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை மூலத்திட்டத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அந்த வேலைக்கும், அடுத்துவரும் ஆண்டுகளில் மூலத்தின் புதிய பதிப்புகளை உள்வாங்குவதற்கும் தனி உருப்படியாகத் தொகை காட்டப்பட வேண்டும். நமது அடையாள அட்டை இலக்கம் நோர்வேக்காரருக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அது தேவையில்லைதான். ஆனால் இலக்கத்தின் வடிவத்தை ஒவ்வொரு நாடும் தானே நிர்ணயித்துக்கொள்ள ஓர் இடம் எல்லோருக்கும் தேவை. அந்த இடத்தை மூலத்தில் ஏற்படுத்திக் கொடுத்துவிட்டால், நாம் தனியே சுமக்கவேண்டியது ஒரு சிறிய அமைப்புக்கோப்பு மட்டும். திறைசேரி இந்தத் தொகையை வெட்டினால் செலவு மறையாது. மூன்று ஆண்டு கழித்து 'புதிய முறைமை' என்ற பெயரில் இன்னொரு கேள்விப்பத்திரமாக, முதலில் எழுதியவர்கள் எவரும் இல்லாத ஒரு நாளில், அதே மேசைக்கு அது திரும்பி வரும்.