பழிவாங்கத் தயங்கியவன் கோழையா?

"தந்தையைக் கொன்றவன் கண்ணெதிரே முடி தரித்து வீற்றிருக்கிறான், தாயையும் மணந்துகொண்டான், கையில் வாளிருந்தும் மகன் வாளாவிருக்கிறான். இவனும் ஒரு கதாநாயகனா?" ஷேக்ஸ்பியர் மகாகவியின் ‘ஹாம்லெட்’ நாடகத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் நம்மவரிற் பலர் கேட்கும் கேள்வி இது. பினாங்குப் பட்டணத்திலே படித்துப் பட்டம் பெற்றவரும் கேட்கிறார். தோட்டத்து லயத்திலே சினிமாக் கதை பேசும் இளைஞரும் கேட்கிறார். இரு சாராரும் ஒருமித்து ஓர் அபிப்பிராயத்தைச் சொல்வது அரிது; அப்படிச் சொல்லும்போதாவது அது சரியாயிருக்கலாகாதா? இல்லை. இவ்வபிப்பிராயத்தை நாம் அடியோடு மறுக்கிறோம்.

முதலாவது, ஹாம்லெட்டுக்குக் கொலைச் செய்தியைச் சொன்னது யார்? கண்டவர் சாட்சி உண்டா? கையெழுத்திட்ட ஓலை உண்டா? நள்ளிரவில் கோட்டை மதில்மீது தோன்றிய ஓர் ஆவி சொல்லிற்று. அவ்வளவே. சொல்லியது மட்டுமா, "பழி வாங்கு" என்று ஏவியும் விட்டது. நம்மவர் விரும்புகிற வீரனாயிருந்தால் விடியுமுன்பே சிற்றப்பன் தலை உருண்டிருக்கும். கோடங்கி சொன்னான், சாமியாடியின் வாயில் வந்தது, அண்டை வீட்டான் செய்வினை வைத்தான் என்ற பேச்சுக்களை நம்பி, உடன்பிறந்தார் முகத்தில் ஆயுள் முழுதும் விழிக்காதவர்களையும் அரிவாள் தூக்கியவர்களையும் நாம் கண்டதில்லையா? டென்மார்க்கு நாட்டு இளவரசன் அவ்வாறு செய்தானில்லை. தந்தை வடிவில் வந்தது ஏன் ஒரு பிசாசாக இருக்கலாகாது என்று ஐயுற்றான். ஐயுற்றதோடும் நின்றானில்லை. ஊர் சுற்றி வந்த கூத்தர்களைக் கொண்டு, அதே போன்றதொரு கொலையை அரசன் முன்னிலையில் நடிக்கச் செய்தான். அரசன் முகத்தைத் தான் கவனித்ததோடு, ஹொரேஷியோ என்னும் நண்பனையும் கவனிக்கச் சொன்னான். தன் கண் ஆத்திரத்தால் மயங்கியிருக்கலாம் என்பதற்காக இன்னொருவன் கண்ணையும் துணைக்கு அழைக்கிறவன் கோழையா? பேய் சொல்லையும் பரீட்சித்துப் பார்த்த பிறகே ஏற்றவனைத் தன்னறிவுள்ளவன் என்று சொல்லாமல் வேறென்னவென்று சொல்வது?

இக்கதை ஷேக்ஸ்பியரின் சொந்தச் சரக்கன்று. சுமார் 1200ஆம் ஆண்டளவில் சாக்ஸோ என்னும் டென்மார்க்குச் சரித்திரக்காரர் எழுதி வைத்த கதை அது. அதிலே ஆவியும் இல்லை, ஐயமும் இல்லை. கொலை ஊரறிந்த கொலை. இளவரசன் பித்தன்போல் நடித்துக் காலம் பார்த்திருந்து, விருந்துண்டு மயங்கிக் கிடந்தவர்களை மண்டபத்தோடு கொளுத்தி, சிற்றப்பனையும் வெட்டிப் போடுகிறான். சுமார் 1600இல் இதை எடுத்தாண்ட ஷேக்ஸ்பியர் அதற்குள் வைத்த புதுப்பொருள் அந்த மனப்போராட்டந்தான். தயக்கத்தைக் கழித்துவிட்டு ஹாம்லெட்டைக் கேட்கிறவர்கள், மகாகவியை விட்டுவிட்டுப் பழைய தீக்கொளுத்தியைக் கேட்கிறார்கள்.

தயங்காத ஆண்மகன்தான் வேண்டுமென்றால் அவனும் அந்நாடகத்திலேயே இருக்கிறான். அவன் பெயர் லேயர்ட்டீஸ். தந்தை பொலோனியஸ் மாண்டான் என்று கேட்டதும் ஆட்களைத் திரட்டி அரண்மனைக் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான். அரசன் நயமாக நாலு வார்த்தை பேசுகிறான். வீரர் உடனே அந்தக் கொலைகாரன் கைக்கருவியாகி விடுகிறார்! வாள் நுனியில் நஞ்சு தடவி, அதே நஞ்சினால் தாமும் மடிகிறார். அப்பொலோனியஸ் இறந்த விதத்தையும் பாருங்கள். ஹாம்லெட் தயங்காமல் செய்த காரியம் அது. திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் அரசன் என்றெண்ணிக் கணப்பொழுதில் குத்தினான். செத்தது ஆள் மாறி. அதன் பயனாக ஓபிலியா பித்துப் பிடித்து நீரில் மூழ்கினாள். நாடகத்தின் பிற்பகுதியில் விழும் பிணங்கள் பெரும்பாலும் இந்த அவசரக் குத்தின் வட்டியேயாம்.

ஹாம்லெட்டுக்கு நாம் முழு வக்காலத்து வாங்க வரவில்லை. அரசன் தனியே மண்டியிட்டு வழிபடுகையில் அவனை வெட்டாமல் விடுகிறானே, அந்த இடத்தை நம்மால் மன்னிக்க முடியாது. அது இரக்கத்தால் வந்த தயக்கமன்று. வழிபடும்போது கொன்றால் மோட்சம் போய்விடுவானாம். பாவம் செய்யும்போது கொன்று நரகத்துக்கே அனுப்ப வேண்டுமாம்! உடலைக் கொல்வது போதாமல் மறுமையிலும் பழி தொடர வேண்டுமென்னும் பேராசை அது. பள்ளித் தோழர் இருவரைப் போலிக் கடிதத்தால் சாவுக்கு அனுப்பிவிட்டுச் சிறிதும் வருந்தாததும் அத்தகையதே. அவனைக் குறை சொல்லுகிறவர்கள் இவ்விடங்களைச் சொல்லட்டும், நாமும் கூடச் சேர்ந்து சொல்லுவோம். அவர்களோ ஐயுற்றதைக் குறை சொல்லி, வெறியுற்றதைப் புகழுகிறார்கள்.

நிற்க. தமிழ்நாட்டிலே இந்நாடகத்தை ‘அமலாதித்யன்’ என்று தமிழாக்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர் அவரே. 1895இல் ‘மனோகரா’வையும் அவரே இயற்றினார். ஒரே பேனாவில் பிறந்த இரண்டு இளவரசர்களில் யாரைத் தமிழுலகம் தோளில் தூக்கிக்கொண்டது? மனோகரனை! 1936இல் ஒரு படம், 1954இல் மு. கருணாநிதி வசனத்தோடு சிவாஜி கணேசன் நடித்த படம். சங்கிலிகளை அறுத்தெறியும் அந்தக் காட்சியை நினைக்கும்போதே உடல் சிலிர்க்கிறது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். மனோகரன் அதுவரை பொறுத்தது எதனால்? தன் மனம் ஆராய்ந்ததனாலா? தாயின் ஆணை அவனைத் தடுத்தது. பின் எழுந்தது எதனால்? தாய் அந்த ஆணையை நீக்கினாள். கட்டியதும் பிறர், அவிழ்த்ததும் பிறர். இரும்புச் சங்கிலியை அறுத்தான், உண்மை. ஆணைச் சங்கிலியை அவன் அறுக்கவே இல்லை. ஹாம்லெட்டுக்கோ ஆணை தந்தையினுடையது, அந்த ஆணையையே எடுத்து வைத்துக்கொண்டு, "இது மெய்தானா?" என்று கேட்கிறான். பகுத்தறிவு பேசும் நாம் எதைக் கண்டு கைதட்டியிருக்க வேண்டும்?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, தமிழ் வீரம் வேறு" என்பாரும் உளர். சிலப்பதிகாரத்தை இவர்கள் படித்த இலட்சணம் அது. பாண்டியன் நெடுஞ்செழியன் தயங்கினானா? பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்டு, சாட்சி கேளாது, சிலம்பையும் ஒத்துப் பாராது, கோவலனைக் கொன்று வரச் சொன்னான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்துப் பரல் காட்டிய பின்னரே தன் அவசரம் அவனுக்கு விளங்கிற்று. அரியணையிலேயே உயிரை விட்டான். ஆராயாமல் தண்டிப்பதை அறமென்று இளங்கோ ஓரிடத்தும் சொல்லவில்லை. வள்ளுவர் குறளில் 47ஆம் அதிகாரத்துக்குத் ‘தெரிந்து செயல்வகை’ என்று பெயரிட்டதும் வேடிக்கைக்கன்று.

பினாங்கிலே இருந்துகொண்டு நாம் இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? மேடை நமக்குப் புதிதன்று. மாமாக் புஷி என்பார் 1885இல் பங்சவான் குழு கண்டது இவ்வூரிலேதான். பங்சவான் மேடையில் ஹாம்லெட் மலாய் மொழியும் பேசியிருக்கிறான். பழிக்குப் பழியும் இவ்வூருக்குப் புதிதன்று. 1867 ஆகஸ்டு மாதத்தில், சீனர் இரகசியச் சங்கங்கள் இரண்டும், மலாய்க்காரரும் இந்திய முஸ்லிம்களும் சேர்ந்திருந்த வெள்ளைக்கொடி, செங்கொடிச் சங்கங்களும் அணி பிரிந்து, ஏறத்தாழப் பத்து நாள் இப்பட்டணத்துத் தெருக்களில் வெட்டி மடிந்தன. ‘எங்கள் ஆளை அடித்தான்’ என்று தொடங்கினவர்களுக்கு, யார் முதலில் அடித்தது என்று விசாரிக்கப் பொறுமை இல்லை. விசாரணைக் குழு வந்தது பிணங்களை எடுத்த பிற்பாடுதான்.

அது பழங்கதை என்பீர்களாயின், 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 40,000 உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்று அன்று சொல்லப்பட்டது. இதற்குக் காரணம் சினிமா என்று நாம் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்களினின்றும் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள், பட்டண ஓரங்களில் வேலையும் வீடுமின்றி நின்றதே முதற்காரணம். அதைச் செய்தவர்களை விட்டுவிட்டு நாடகக்காரனை அடிப்பது நம் வேலையன்று. ஆயினும், அப்படி நின்ற பையன் ஒருவனிடம் கூட்டாளி ஓடிவந்து, "உன் அண்ணனை அடித்தவன் அவன்தான்" என்று கை காட்டும் இரவிலே, "நீ பார்த்தாயா? வேறு யார் பார்த்தது?" என்று கேட்கிற கதாநாயகன் ஒருவனையாவது அவனுக்கு நாம் காட்டியிருக்கிறோமா? "ஆம்பிளையா நீ?" என்று கேட்கிற கதாநாயகர்களை மட்டுமே கொட்டகை கொட்டகையாகக் காட்டினோம்.

ஆகவே நமது நாடக மன்றத்தாருக்கும், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும், தோட்டத்து இளைஞர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த கலைவிழாவில் சங்கிலிக் காட்சிக்கு ஓய்வு கொடுங்கள். அமலாதித்யனை மேடையேற்றுங்கள். வாட்போரை வேண்டுமானால் சுருக்கிக்கொள்ளுங்கள். நாடகத்துக்குள் நாடகம் நடத்தி அவன் ஆவியின் சொல்லைப் பரீட்சிக்கிறானே, அந்தக் காட்சியில் மட்டும் ஒரு வரியும் வெட்டாதீர்கள்.