பனியன் ஊரின் பெருமைக் கதையில் சில ஓட்டைகள்

திருப்பூரைப் பற்றி மேடையேறுகிற எவரிடமும் ஒரு கதை தயாராக இருக்கும். மஞ்சப்பையோடு பஸ் ஏறி வந்தவன் டெய்லருக்கு உதவும் கைமடி வேலையில் சேர்ந்தான், டெய்லரானான், நாலு மிஷின் வாங்கிப் போட்டான், இன்று எக்ஸ்போர்ட்டர். ஆகவே ஊர் வளர்ந்தால் உழைக்கிறவனெல்லாம் வளர்வான். இன்று ஆண்டு ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டியிருப்பதால் கதைக்குச் சாட்சியும் பலமாக இருக்கிறது. வானம் பார்த்த பூமியிலிருந்து வந்த லட்சக்கணக்கான பேருக்கு இந்த ஊர் சோறு போட்டதையும் மறுக்க முடியாது. மறுக்க வேண்டியது அந்த ‘ஆகவே’யை.

கைமடியில் தொடங்கி முதலாளியானவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று ஷரத் சாரி ‘ஃப்ரடர்னல் கேபிடல்’ (2004) என்ற ஆய்வு நூலில் விரிவாகப் பார்த்திருக்கிறார். எளிய விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த கவுண்டர்களே அவர்களில் பெரும்பகுதி. வெற்றிக்குக் காரணம் கேட்டால் ‘உழைப்பு’ என்பார்கள். பொய்யில்லை, ராப்பகலாக உழைத்தவர்கள்தான். ஆனால் பங்கு சேர மச்சான் இருந்தான், கடனுக்கு நூல் கொடுக்கச் சொந்தக்காரர் இருந்தார், அவசரத்துக்கு விற்கத் தோட்டம் இருந்தது. அதே மேஜையில் அதே பன்னிரண்டு மணி நேரம் தைத்த அருந்ததியர் இளைஞனுக்கு இந்த மூன்றில் எது இருந்தது? உழைப்பு மட்டுமே முதல் என்றால், முதலாளிகளின் பட்டியல் தொழிலாளர் பட்டியலைப் போலவே பல சாதிகளும் கலந்து இருந்திருக்க வேண்டும்.

தொழில் பெருகினால் கூலி தானாக ஏறும் என்பது அடுத்த வாதம். 1984இல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தானாக ஏறுவதற்கு நாலு மாதம் அடுப்பணைத்துக் காத்திருக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு ஏற்றுமதி பெருகப் பெருக வேலை கான்ட்ராக்டுக்கும் பீஸ் ரேட்டுக்கும் நகர்ந்தது. கையெழுத்தான கூலி ஒப்பந்தம் கான்ட்ராக்டரின் ஷெட்டுக்குள் எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது மூன்றாவது வாதம்: சாயக்கழிவு வளர்ச்சிக்குக் கொடுத்த விலை, காசு சேர்ந்ததும் தொழிலே அதைச் சரிசெய்துவிட்டது என்பது. விலையைக் கொடுத்தது யார்? நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1990களில் சாயப்பட்டறைக் கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அணையைத் திறந்தால் வயலுக்கு உப்பு, மூடினால் சுற்றியுள்ள கிணறுகளுக்கு உப்பு. தண்ணீருக்காகச் சண்டை போடுகிற கொங்கு மண்ணில் விவசாயிகளே ‘இந்தத் தண்ணி வேண்டாம்’ என்றார்கள். வழக்குத் தொடுத்ததும் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள்தான். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. அப்போதும் விழுந்துகொண்டிருந்தது. 2011 ஜனவரியில் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லி, மின் இணைப்பையும் துண்டிக்கச் சொன்ன பிறகுதான் சுத்திகரிப்பில் உண்மையான வேகம் பிறந்தது. அதற்கும் அரசாங்கம் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆக, கெடுத்தது லாபக் கணக்கில் போயிற்று, துடைத்ததில் ஒரு பகுதி பொதுக் கணக்கில் ஏறிற்று. இன்று தண்ணீர் மறுசுழற்சியாவது பெரிய சாதனைதான், பாராட்டுவோம். ஆனால் அந்தச் சாதனையில் கோர்ட் வாசலில் வருஷக்கணக்காக நின்ற விவசாயியின் பெயரும் இருக்க வேண்டும்.

பெண்கள் கையில் காசு வந்தது என்ற வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமைச் சம்பளம் பல வீடுகளில் பெண்ணின் குரலை உயர்த்தியிருக்கிறது. மீதிப் பாதி சுற்றுவட்டார நூற்பாலைகளில் இருக்கிறது. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டியதும் இதே வளர்ச்சிதான். இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பெண்களில் பலருக்கு அந்த மொத்தம் கிடைக்கவில்லை.

கடைசியாக, ‘இத்தனை வடமாநிலத்தவர் வந்து குவிகிறார்களே, நல்ல ஊர் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி?’ என்கிறார்கள். ஆள் வருவது அவர்கள் ஊரின் நிலைமைக்கு அத்தாட்சி. இங்கே என்ன கிடைக்கிறது என்பதை ஒரு லைன் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் தெரியும்: ஓர் அறை, நாலைந்து பேர், மூலையில் கேஸ் அடுப்பு, கொடியில் தொங்கும் சட்டைகளுக்குக் கீழே பாய், வரிசை முழுவதற்கும் ஒன்றோ இரண்டோ கக்கூஸ். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாக யாரோ பரப்பிய பொய் வீடியோக்களுக்கே பயந்து பலர் ரயிலேறினார்கள். வேரூன்றியவர்கள் அப்படிக் கிளம்ப மாட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோரின் ஓட்டு பீகாரிலும் ஒடிசாவிலும் இருக்கிறது. லைன் வீட்டுச் சந்துக்குக் குழாய் வேண்டும் என்று அவர்கள் மனு கொடுத்தால், அதைக் கையில் வாங்க இங்குள்ள கவுன்சிலருக்கு என்ன அவசரம்?