கள்ளமில்லாப் பிள்ளை என்னும் கட்டுக்கதை

2019 ஏப்ரலில் மிசோரம் மாநிலத்துச் சாய்ராங்கைச் சேர்ந்த ஆறு வயதுப் பையன் ஒருவனின் படம் நாடெங்கும் சுற்றியது. ஒரு கையில் கோழிக்குஞ்சு, மறு கையில் பத்து ரூபாய் நோட்டு. பக்கத்து வீட்டுக் குஞ்சின்மேல் தெரியாமல் சைக்கிளை ஏற்றிவிட்டு, இருந்த காசையெல்லாம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். தர்மபுரி வாட்ஸப் குழுக்களிலும் அந்தப் படம் வந்தது. "செத்துப்போனதுகூடத் தெரியல பாவம், கள்ளமில்லாத மனசு" என்று உருகினார்கள்.

குஞ்சு செத்தது தெரியாமல் இருந்திருக்கலாம். மற்றதெல்லாம் அவனுக்குத் தெரியும். குஞ்சு யாருடையது, இடித்தது யார், வைத்தியத்துக்குக் காசு வேண்டும், அதைக் கொடுக்க வேண்டியவன் தான் என்பதெல்லாம் தெரிந்துதான் போனான். தொப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் இடித்துவிட்டு நிற்காமல் பறக்கிற பெரியவர்களுக்கு இதில் பாதி தெரிந்தாலும் போதும்.

குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் அன்பாக இருக்கிறது என்பது நம்மிடம் வேரோடிப்போன நம்பிக்கை. கேட்பதற்குப் புகழ்ச்சி போல இருக்கும். உண்மையில் அது பிள்ளைகளை மட்டம் தட்டுகிற பேச்சு. பெரியவர்களுக்கு வசதியான பேச்சும்கூட. அறியாமைதான் கருணைக்கு ஊற்று என்றால், எல்லாம் அறிந்த நமக்குக் கருணை வற்றிப்போனதில் குற்றமே இல்லையே!

"பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது" என்று பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் முழங்குகிறார்கள். தர்மபுரி மாவட்டத்தில் நின்று அதைச் சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று, சாதி தாண்டிய ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் எரிந்தன. அன்று நத்தத்தில் எட்டு வயதில் இருந்த பிள்ளைக்கா சாதி தெரியாது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களில் அவனோடு படித்தவர்களே இருந்தார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் மாணவர்கள் சாதியைக் காட்டும் கயிறும் மோதிரமும் அணியக் கூடாது என்று பரிந்துரைத்தது. தெரியாத ஒன்றுக்கா தடை கேட்டார்கள்?

தெரியும். நன்றாகவே தெரியும். நான் நம்பிக்கை வைப்பது தெரிந்த பிள்ளைகள்மேல்தான்.

நாலாம் வகுப்பு படிக்கும் ஊர்ப் பையன் ஒருவன் காலனிப் பையனின் டிபன் பாக்ஸிலிருந்து களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துத் தின்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் வீட்டில் அவன் அதைச் சொல்வதில்லை. ஆயாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்கு அத்துப்படி. அந்த மறைப்பு ஒன்றே போதும், அவன் அறியாப்பிள்ளை இல்லை என்பதற்கு. விதி என்னவென்று தெரிந்து, மீறினால் முதுகு என்னாகும் என்றும் தெரிந்துதான் கையை நீட்டியிருக்கிறான். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, தம்பிக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் பள்ளிக்கு வராத பெண்ணுக்குத் தோழி நோட்டை எழுதித் தருவதும் இதே வகைதான். வீட்டில் பெரியவர்கள் இல்லாதது என்றால் என்ன என்று அந்தத் தோழிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பென்னாகரம் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த பிள்ளை, "பையக் குடுக்கா" என்று நிற்பவர்களின் பைகளை மடியில் அடுக்கிக்கொள்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நின்று வந்து கால் கடுத்த அனுபவம் அது.

ஆய்வும் இதையேதான் காட்டுகிறது. வார்னெக்கன், டோமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், துணி உலர்த்துகிறவர் கிளிப்பைக் கைதவறிப் போட்டால் ஒன்றரை வயதுக் குழந்தைகள் பலரும் எடுத்துக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே வீசியபோது பெரும்பாலும் சும்மா இருந்தார்கள். பேச்சுகூடத் திருந்தாத வயதில் தேவை எது, விளையாட்டு எது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். 2008இல் அதே இருவர் செய்த இன்னொரு சோதனையில், உதவிக்குப் பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள் பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள்.

பரிசு என்றதும் 2018 கேரள வெள்ளம் நினைவுக்கு வருகிறது. சைக்கிள் வாங்க நாலு வருடம் உண்டியலில் சேர்த்த பணத்தை விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி நிவாரணத்துக்குக் கொடுத்தாள். சைக்கிள் கம்பெனி ஒன்று புதுச் சைக்கிள் தருவதாக அறிவித்தது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாடே அந்தப் புதுச் சைக்கிளில் மகிழ்ந்துபோய், சைக்கிள் இனி இல்லை என்று தெரிந்தே அவள் எடுத்த முடிவை மறந்துவிட்டது. அதே முடிவை நாற்பது வயதுக்காரர் எடுத்திருந்தால் தியாகம் என்றிருப்போம். குழந்தை என்பதால் 'சோ ஸ்வீட்'!

களியைப் பங்கு போட்ட பையன் ஒன்பதாம் வகுப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தால், "இப்பத்தான் விவரம் வந்திருக்கு" என்பார்கள் வீட்டில். விவரம் அவனுக்கு நாலாம் வகுப்பிலேயே இருந்தது. இடையில் நடந்தது, வீட்டார் கண்டுபிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.