படகை விட்டு இறங்கி நடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் சுற்றுலா இணைப்பு பழவேற்காட்டை வெறும் படகுச் சவாரியாக்கிவிட்டது. 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் மாண்ட ஏரி இது என்பதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

ஏரிக்கரையின் அண்ணாமலைச்சேரிப் பக்கம் வெயில் ஏறுமுன் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அலையாத்திகளின் மூச்சுவேர்கள் ஆணி அடித்ததுபோல் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். இலையைத் தடவிய விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலைவழியே கசியவிடும் மரம் அது. வேரடியில் ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டும் சின்ன நண்டுகள். இறால் குஞ்சுகள் வளர்வதும் அந்த வேர்களுக்கிடையேதான். மீனவர் வீட்டு அடுப்புக்கும் இந்தக் காட்டுக்கும் அவ்வளவு நெருக்கம். ஆழமில்லாத நீரில் இருளர் பெண்கள் கையால் துழாவியே இறால் பிடிப்பார்கள், பறிக்கூடையைப் பல்லில் கவ்வியபடி. எனக்கு அதைவிடப் பெரிய காட்சி அங்கே இல்லை.

பூநாரைகளா? மழை ஓய்ந்ததும் வரும். 1980-லேயே சரணாலயமான இடத்தில் புகைப்படத்துக்காகச் சிலர் அவற்றைக் கிளப்பிவிடுகிறார்கள். தலைகீழாக அலகைக் கவிழ்த்து நீரை வடிகட்டித் தின்னும் பறவைக்கு அது பாதியில் பறித்த சாப்பாடு. இரண்டாயிரம் ரூபாய் பைனாகுலரில் கரையிலிருந்தே நன்றாகத் தெரிகிறது. அடுத்த இணைப்பில் இதையும் போடுங்கள்.

– ஒரு வாசகர், பொன்னேரி