சத்தத்தை அடக்குவது வைத்தியமல்ல

வகுப்பில் இரட்டைக்கிளவி நடத்தும்போது சலசல, படபட என்று பலகையில் எழுதுவேன். பிரித்தால் பொருள் தராதவை என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். பதினைந்து ஆண்டுகளாக ஒலிக்குறிப்புச் சொற்களைக் கற்பிக்கிற நான், ஒரு பட்டறையில் நின்று "எஞ்சின்ல டிக் டிக்குனு கேக்குதுண்ணா" என்றபோது, பிரிக்காமலே அதற்குப் பொருள் இல்லாமல் போயிற்று.

"பழைய புல்லட்டுன்னா அப்படித்தான் மேடம். வீட்ல சாரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட சொல்றேன்."

வண்டி என்னுடையது. 1989 மாடல், 350 சிசி, வார்ப்பிரும்பு எஞ்சின். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பணி ஓய்வு பெற்ற சக பேராசிரியரிடம் வாங்கி நான் மட்டுமே ஓட்டுவது. அதன் சத்தம் எனக்குத் தெரியும். அந்த வாரம் அதில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. மறுநாள் தம்பியை விட்டுப் பேசச் சொன்னேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவனுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் சொன்ன அதே டிக் டிக்கைத்தான் அவனும் சொன்னான். அவன் சொன்னதும் அது தகவலாகிவிட்டது.

டேப்பட்டை இறுக்கினார்கள். சத்தம் நின்றது. சில மாதங்களில் கிக்கரை மிதித்தால் காலுக்கு எதிர்ப்பே இல்லை. வேறொரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றிக் காட்டினார்கள். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரிந்து அரித்திருந்தது.

ஏன் என்று பிறகுதான் படித்தேன். டேப்பட் தளர்ந்தால் தட்டும், கேட்கும். அளவுக்கு மேல் இறுகினால் வால்வு முழுதாக மூடாது. மூடும்போதுதான் அது தன் சூட்டை இருக்கைக்குக் கடத்தும். மூடாத வால்வு எரியும். தளர்ந்தது சத்தம் போடும், இறுகியது சத்தமில்லாமல் சாகும். புகார் சொல்கிறவளின் வாயை மூடிவிட்டுக் குடும்பம் நிம்மதியாகிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் செய்வதும் இதைத்தான்.

இப்போது நானே பார்க்கிறேன். முதலில் ஆயில் அளவு. பிறகு காது. எஞ்சின் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் டேப்பட்டின் தட்டு எஞ்சின் வேகத்தில் பாதியாக வரும். சைலன்சர் குழாய் ஹெட்டோடு சேருமிடத்தில் கசிந்தாலும் டிக் டிக் என்றே கேட்கும், ஆனால் அங்கே கரி படிந்திருக்கும். பிஸ்டன் தேய்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினில் அதிகம் தட்டும், சூடேறக் குறையும். அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று வந்து பாரம் ஏறும்போது கூடினால், ஓட்டக் கூடாது. நீளத் திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதெலும்பில் அழுத்தினால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

சரிசெய்வதும் ரகசியமல்ல. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நான்காவது கியரில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் மேலே நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வலப்பக்கம் டேப்பட் மூடியைத் திறந்தால் இரண்டு புஷ் ராடுகள். மேலும் கீழும் ஆடக் கூடாது. விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும். என் வண்டிக்கு அளவுகோல் அந்த விரல்தான்.

இந்தக் காதும் விரலும் பெண்களிடம் இல்லாதவையா? எண்ணெய் காய்ந்ததைக் கடுகு வெடிக்கும் சத்தத்தில் அறிகிறோம். தூங்கும் குழந்தையின் மூச்சு மாறினால் விழிக்கிறோம். அதை அறிவு என்று எவரும் எழுதி வைக்கவில்லை, "கைப்பக்குவம்", "தாயுள்ளம்" என்றார்கள். அந்த மெக்கானிக்கும் பட்டம் பெறாதவர்தான். காதால் கற்ற அவர் அறிவைப் படித்தவர்கள் மதிப்பதில்லை. அதே இளக்காரத்தை அவர் என்னிடம் திருப்பியதுதான் எனக்கு வலித்தது.

பெண் புல்லட் ஓட்டுவது இப்போது விளம்பரப் படமாகிவிட்டது. ஓட்டுவதை அனுமதித்துவிட்டார்கள். திறந்து பார்ப்பதையும், கோளாறுக்குப் பெயர் சொல்வதையும் இன்னும் அனுமதிக்கவில்லை. எல்லாப் பெண்களும் ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். ஒருத்தி "கேட்கிறது" என்றால் அது சாட்சியம். அதற்கு ஆண்குரலின் சான்றொப்பம் தேவையில்லை.

"எல்லாருக்கும் அப்படித்தான்" என்ற வாக்கியத்தை மாதவிடாய் வலிக்காக மருத்துவரிடம் போன மாணவிகளும் கேட்டிருக்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் பலருக்கு ஆண்டுக்கணக்கில் கண்டறியப்படாமல் போவதில் அந்த வாக்கியத்துக்கும் பங்குண்டு.

அடுத்த முறை யாராவது "அப்படித்தான்" என்றால், "எதனால்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள். தம்பியைக் கூப்பிடாதீர்கள்.